திருப்பிப் போட்டுப் பாரு பேராண்டி

வந்ததுலேர்ந்து பாக்கறன், அந்தப் போனை வச்சிக்கிட்டுத் திண்ணைக்கும் வேப்பமரத்துக்கும் நடுவுல சாமி வந்தவன் மாதிரி கையத் தூக்கிக்கிட்டு அலையற. டவரு கெடைக்கலன்னு நெனச்சன். ஒங்கம்மா சொல்லித்தான் தெரியுது, தேடறது டவரு இல்லயாம், பீட்சாவாம். குள்ளஞ்சாவடி செம்மண்ணுல, முந்திரிக்கும் பலாவுக்கும் நடுவுல நின்னுக்கிட்டுப் பீட்சா தேடறவன் ஒருத்தன் நம்ம வம்சத்துல பொறக்கணும்னு எந்தச் சாமிகிட்ட எவன் வேண்டிக்கிட்டானோ. உக்காரு. போனைக் கவுத்து வை. கேக்க வேண்டிய ஆள விட்டுட்டு எங்கெங்கயோ கேட்டுக்கிட்டு இருக்கற.

என்னா சொல்லுது அது? நம்ம ஊருக்குக் கொண்டாந்து குடுக்க மாட்டானாமா? கோச்சிக்காதடா. இந்தக் கடலூரு ஜில்லாவுல எல்லை போடற பழக்கம் நேத்து வந்தது இல்ல. 1690ல வெள்ளக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டைய மராட்டியன்கிட்டேருந்து வெலைக்கு வாங்கினான். அதான் செயிண்ட் டேவிட் கோட்டை. கோட்டையச் சுத்தி எம்மாம் நெலம்னு பேசினப்ப, பீரங்கி சுட்டா குண்டு எது வரைக்கும் போயி விழுதோ அது வரைக்கும்னு எழுதிக்கிட்டான். எழுதினவன் சும்மா இருப்பானா? மெட்ராசுலேர்ந்து இருக்கறதுலயே நல்ல பீரங்கியாக் கொண்டாந்து, கை தேர்ந்த ஆளா வச்சி, பக்கத்துக்கு ஒண்ணாச் சுட்டான். குண்டு விழுந்த ஊரெல்லாம் கும்பினிக்காரன் ஊரு. குண்டு கிராமம்னே அதுங்களுக்குப் பேரு வந்துடுச்சி. அப்ப மெட்ராசுல கவர்னரா இருந்தவன் எலிகு யேலு. அமெரிக்காவுல யேலு பல்கலைக்கழகம்னு நீங்க வாயப் பொளந்துக்கிட்டுப் பேசறீங்களே, அந்த யேலுதான்.

இப்ப பீரங்கி இல்ல, போன்ல வட்டம் போடறான். அவ்வளவுதான் வித்தியாசம். கடலூரு மஞ்சக்குப்பத்துல அடுப்பு, அதைச் சுத்தி இத்தினி கிலோமீட்டரு. வட்டத்துக்கு உள்ள இருக்கறவனுக்குப் பசிச்சா அரை மணி நேரத்துல சோறு, வெளிய இருக்கறவன் கூழு குடிச்சிட்டுக் குப்புறப் படுக்க வேண்டியதுதான். நம்ம ஊரு அன்னிக்குக் குண்டுக்குத் தப்பிச்சிது, இன்னிக்குப் பீட்சாவுக்குத் தப்பிச்சிது. ரெண்டுக்கும் சேத்து மாரியாத்தாளுக்கு ஒரு தேங்கா ஒடைக்கலாம்னு இருக்கன்.

அப்புறம் அந்த நட்சத்திரம். நாலேமுக்கா நட்சத்திரம் வாங்கின கடைன்னு ஒங்கம்மாகிட்டப் பீத்திக்கிட்டு இருந்தியே, காதுல உழுந்துது. இருபத்தேழு நட்சத்திரத்தையும் பாத்து, பத்துப் பொருத்தமும் பாத்துக் கட்டிக்கிட்டு வந்தவதான் ஒங்க ஆயா. அந்தப் பொருத்தம் எப்பிடின்னு ஊருல கேளு. கடைக்கு மொத நட்சத்திரம் போடறவன் கடைக்காரன் மச்சான். ரெண்டாவது, மச்சான்கூடப் படிச்சவன். மூணாவது, அந்தக் கடைக்குச் சரக்குப் போடற வியாபாரி. பாக்கி நிக்கறப்ப அவன் கொறை சொல்லுவானா? நாலாவது ஆளுதான் காசு குடுத்துத் தின்னவன். அவனும் ருசியப் பத்தி ஒண்ணும் எழுத மாட்டான். வண்டிக்காரப் புள்ள சிரிச்ச மொகமா வந்தான்னு அஞ்சு போடுவான், இல்ல, மழையில லேட்டா வந்தான்னு ஒண்ணு போடுவான். நடுவுல மாவு வெந்துதா வேகலயான்னு எவன் எழுதினான்?

நீ என்னா நெனைக்கற, கெழவன் பீட்சாவ எங்க பாத்தான்னுதானே. அதையும் சொல்லிடறன். ஒங்க ஆயாகிட்ட மட்டும் சொல்லாத.

கண்ணு காட்டக் கடலூருக்குப் போயிருந்தன். கண்ணுல மருந்த ஊத்திட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சி வாங்கன்னுட்டாங்க. வெளிய வெயிலு கொளுத்துது. எதுத்தாப்புல கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒண்ணு, உள்ள ஏசி. கடைப் பேரு வேணாம், கண்ணுல மருந்து ஊத்தியிருந்ததால படிக்கவும் முடியல. வெயிலுக்குத்தான் உள்ள போனன். உக்காந்ததும் ஒரு பொண்ணு வந்து, "மெல்லிசா வேணுமா, தடிமனா வேணுமாங்கய்யா"ன்னுது. "நீ எதைத் தின்னுவ ஆயி"ன்னு கேட்டன். சிரிச்சிக்கிட்டே, "நான் வீட்டுலேருந்து புளிச்சோறு கொண்டாந்துடுவன் தாத்தா"ன்னுது. அப்பவே எந்திரிச்சி வந்திருக்கணும். வெயிலு விடல. தடிமன்னு சொன்னன். சீஸு கூடக் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டுது, பெருந்தன்மையாத் தலைய ஆட்டினன். அதுக்குத் தனிக் காசுன்னு பில்லு வந்தப்பதான் தெரியும்.

வந்துது. கடிச்சன். இழுத்தன். கையி நீண்டுக்கிட்டே போவுது, சீஸு அறுவல. ரெட்டைமாடு பூட்டின கவலைக் கயிறு மாதிரி வருது. விடக் கூடாதுன்னு ஒரு சுண்டு சுண்டினன். மேல் வரிசைப் பல் செட்டு கழண்டுக்கிட்டு அந்தச் சீஸோட போயித் தொங்குது. பக்கத்து மேசையில ஒரு சின்னப் பையன் கையத் தட்டினான். இன்னொரு வாட்டி செய்யுங்க தாத்தான்னான். பல்லைத் தண்ணியில அலசி மாட்டிக்கிட்டு, மிச்சத்தை நவுத்தி வச்சிட்டு வந்துட்டன்.

ஆனா ஒரு காரியம் பண்ணன். வர்றப்ப அந்தத் துண்டத் திருப்பிப் போட்டுப் பாத்தன். அடிப்பக்கம் வெள்ளையா, கொழந்தை பாதம் மாதிரி இருக்குது. மேல செவப்பு, பச்ச, மஞ்சன்னு தேரு கட்டியிருக்கான். கீழ தீயே படல. அன்னிலேர்ந்துதான்டா எனக்கு இந்த வெறி புடிச்சிது. மாசா மாசம் பென்சன் வாங்கின கையோட ஒரு கடை. கடலூரு, நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம்னு ஒண்ணு விடல. ஒங்க ஆயா, நான் கோயிலுக்குப் போறன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா.

நாப்பது வருசம் முந்திரிக்கொட்டை வறுத்தவன் நானு. எனக்குப் பீட்சா தெரியாது, தீ தெரியும். கொட்டை ஓட்டுக்குள்ள எண்ணெ இருக்கும், கையில பட்டா தோலு உரிஞ்சிடும். தீ கொறஞ்சா ஓடு ஒடையாது, பருப்பு பச்சையா நிக்கும். ஏறினா பருப்பு கருகும், வெலை பாதியாயிடும். மொகத்துல அடிக்கிற அனலை வச்சே தீயச் சொல்லிடுவன். இந்தப் பீட்சாவும் அதே கணக்குதான்னு பேத்தி படிச்சிக் காட்டினப்பதான் தெரிஞ்சிது. அவ ராத்திரியில போன்ல தேடித் தேடிப் படிச்சிக் காட்டுவா. நீயும் போன்தான் வச்சிருக்கற.

இத்தாலியில நாப்பொலின்னு ஒரு ஊரு. நம்ம கடலூரு மாதிரியே கடலோரம், துறைமுகம், மீனு. அந்த ஊர்க்காரனுவ 1984ல பீட்சாவுக்குன்னு ஒரு சங்கம் வச்சானுவ. நாம முந்திரி வெலைக்குச் சங்கம்னு கூடினா டீயக் குடிச்சிட்டுக் கலைஞ்சிடறம், அவனுவ சட்டமே எழுதிட்டானுவ. மாவு எட்டு மணி நேரத்துக்குக் கொறையாமப் பொங்கணும். கையாலதான் தட்டி விரிக்கணும், கட்டை வச்சித் தேய்க்கக் கூடாது. அகலம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. வெறகு அடுப்பு 485 டிகிரி சூட்டுல இருக்கணும், உள்ள தள்ளினா 60லேர்ந்து 90 நொடிக்குள்ள வெளிய எடுத்துடணும். 2017ல யுனெஸ்கோ அந்த ஊருப் பீட்சா மாஸ்டருங்க கைவேலைய ஒலகத்துப் பாரம்பரியம்னே எழுதி வச்சிட்டுது.

ஒண்ணரை நிமிசம்டா. நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிக்கறதுக்குள்ள வெந்துடுது. சுண்ணாம்புன்னதும் ஞாவகம் வருது, பல்லவ ராசா அப்பர் சாமியச் சுண்ணாம்புக் காளவாயில ஏழு நாளு அடைச்சான். அவரு குளுந்த நெழல்ல ஒதுங்கினவரு மாதிரி வெளிய வந்தாரு. அப்புறம் கல்லுல கட்டிக் கடல்ல போட்டான், மெதந்து வந்து கரையேறினது நம்ம திருப்பாப்புலியூரு பக்கந்தான். டவுனு பேக்கரியில சின்ன கரண்டு அடுப்புல வைக்கிற பீட்சாவும் அப்பர் சாமி மாதிரிதான் வெளிய வருது, ஒரு சூடு படல. அவருக்கு அது அற்புதம். பீட்சாவுக்கு அதுக்குப் பேரு வேகலங்கறது.

அதனால கடைக்குப் போனா மொதல்ல மெனு அட்டையக் கேக்காத. அடுப்பு எங்கன்னு கேளு. ஆளு வந்தப்புறம் சுவிட்சைப் போடறானா, ஏற்கெனவே காஞ்சி கெடக்கா, அதப் பாரு. வடலூரு இங்கேருந்து பஸ்ஸேறினா தோ இருக்குது. வள்ளலாரு 1867ல தருமச்சாலையில மூட்டின அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையல. எந்நேரம் போனாலும் பசிச்சவனுக்குச் சோறு. அங்க தின்னுட்டு எவனாவது நட்சத்திரம் போட்டானா? கடைக்காரனை அப்பிடி அணையா அடுப்பு வையின்னு சொல்லல. ஆனா செங்கல்லு சூட்டைக் குடிக்க நேரம் வேணும். கல்லு காயாம மேல மட்டும் அனலு பட்டா, சீஸு உருவிடும், மாவு களியா நிக்கும். அதான் அந்தக் கொழந்தை பாதம்.

வெறகுலயும் இருக்குதுடா சமாச்சாரம். முந்திரி வெறகு எரியும், எனக்கு அது சோறு போட்ட மரம், ஆனா பொகை கொஞ்சம் முரடு. முந்திரி ஓட்டை அடுப்புல போடறவனக் கண்டா எந்திரிச்சி ஓடிடு, அந்த எண்ணெப் பொகை தொண்டைய அறுக்கும். புளி வெறகு நல்லா நிக்கும், கெடைக்காது. சவுக்குதான் சரி. காஞ்ச சவுக்கு நிமிந்து எரியும், பொகை கம்மி, தணலு கெட்டியா நிக்கும். நம்ம கடலோரம் பூரா சவுக்குதான், நம்ம கொல்லையிலயும் கெடக்கு. 2011 டிசம்பர் 30ல தானே புயலு வந்துதே, அப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்த. ஒரே ராத்திரியில பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சிது. அந்த வருசம் ஊருல வெறகுக்குப் பஞ்சமே இல்ல, மரத்துக்குத்தான் பஞ்சம். அதுக்கப்புறம்தான் நான் மேற்கால துண்டுல சவுக்கு வச்சன். சரி, அது வேற கதை.

மாவுக்கு வரன். ஊத்தப்பந்தான் பீட்சா, நாமதான் மொதல்ல கண்டுபுடிச்சம்னு ஒருத்தன் எப்பவும் கெளம்பி வருவான். அவன்கூடச் சேராத. ஊத்தப்பம் அரிசி உளுந்து, ஊத்தறது. இது மைதா, விரிக்கறது. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணத் திட்டினா ரெண்டுக்கும் அவமானம். பீட்சாவுக்கு இங்க சொந்தக்காரன் யாருன்னா பரோட்டா மாஸ்டரு. அதே மைதா, அதே பெசையல், அதே மாதிரி ஈரத்துணி போட்டு மூடி ஊற வைக்கறது. உருண்டைய விரலால ஒரு தொடு தொட்டே இது இன்னம் அரை மணி கெடக்கணும்னு சொல்லுவான் பாரு, அவன் கைதான் பீட்சாவுக்கும் கை. நெறைய கடையில மாவே பெசையறது இல்ல. வட்ட வட்டமா வெட்டி, பொட்டியில வச்சி, ஐசுல போட்டு எங்கேருந்தோ வருது. அதுக்கு மேல வெங்காயத்தையும் கொடமொளகாவையும் தூவிட்டு, நாங்க சுட்டதுன்னு சொல்லிக்கறான். அடுத்தவன் பெத்த புள்ளைக்குப் பவுடரு போட்டு மடியில வச்சிக்கிட்டுப் படம் புடிச்ச கதை.

எத வாங்கறதுன்னு கேக்கறியா? ஓட்டல்ல ரசம் ஊத்திப் பாத்தா சமையக்காரன் தெரிஞ்சிடுவான், இல்ல? பீட்சாக் கடையில ரசம் மார்கரிட்டா. வெறும் தக்காளி, சீஸு, கொஞ்சம் பச்சத் தழை. 1889ல இத்தாலி ராணி மார்கரிட்டாவுக்குச் சுட்டுக் குடுத்து, அவ பேரையே வச்சாங்கன்னு கதை சொல்றானுவ. ராணிக்குப் போதுமானது ஒனக்குப் போதாதா? மேல சாமான் ஏற ஏற, கீழ எதையோ மறைக்கறான்னு அர்த்தம். பன்னீர் டிக்கா, செட்டிநாடு கோழி, சில்லி பரோட்டான்னு எல்லாத்தையும் மேல ஏத்தறான். கனடாவுல 1962ல ஒருத்தன் அன்னாசிப் பழத்தை ஏத்திட்டு, ஒலகம் பூரா சண்டைய மூட்டி வுட்டுட்டுப் போயிட்டான். நம்ம பக்கம் எவனாவது பண்ருட்டிப் பலாச்சுளைய ஏத்தாம இருக்கணும். யாருகிட்டயும் சொல்லிடாத, ஏத்திடுவான்.

தக்காளியப் பத்திப் பெருமை பேசறவனையும் நம்பாத. அது நாப்பொலிக்காரனுக்கும் சொந்தம் இல்ல, நமக்கும் சொந்தம் இல்ல. ரெண்டு பேருக்குமே அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த சரக்கு. அப்பிடிக் கப்பல்ல பறங்கிக்காரன் வந்து எறங்கினதாலதான் பரங்கிப்பேட்டைக்கே அந்தப் பேரு. ஆனா சீஸு விசயத்துல நாம ஏமாந்துட்டம்டா. நாப்பொலிப் பக்கத்துல ஒசத்தியான மொசரெல்லாவ எருமைப்பால்லதான் பண்றானுவ. எருமைப்பால்! பசும்பாலவிடக் கொழுப்பு ஜாஸ்தி, பாலும் வெள்ளை வெளேர்னு இருக்கும். நம்ம பக்கத்து ஊட்டுல கட்டியிருக்கானே ஒரு எருமை, நீ போன வருசம் போட்டோ புடிச்சி கூட்டாளிங்களுக்கு அனுப்பிச் சிரிச்சியே, அதோட ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சிங்கதான் அங்க ராணி மாதிரி இருக்குதுங்க. இங்க டவுனுல மலிவுக் கடையில பாலுக்குப் பதிலா எண்ணெயில செஞ்ச போலியும் சீஸு பேருல ஓடுது. என் பல்லைப் புடுங்கினது எதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது.

ஒரு சங்கதி சொல்றன், கேட்டா சிரிப்ப. பீட்சாங்கற வார்த்தை மொதமொதல்ல எழுத்துல வந்தது 997ல. இத்தாலியில கயெத்தான்னு ஒரு ஊருல ஒரு குத்தகைப் பத்திரம். குத்தகைக்காரன் பிஷப்புக்குக் கிறிஸ்துமசுக்குப் பன்னெண்டு பீட்சா, ஈஸ்டருக்குப் பன்னெண்டு பீட்சா அளக்கணும்னு எழுதியிருக்கு. தக்காளியே இல்லாத காலத்துப் பீட்சா, எப்பிடி இருந்துதோ. அந்த நேரத்துல நம்ம பக்கம் ராசராசன் ஆண்டுக்கிட்டு இருந்தான். சிதம்பரத்துல கரையான் அரிச்சிக் கெடந்த தேவார ஏட்டை அவன்தான் வெளிய எடுக்க வச்சான்னு சொல்லுவாங்க. இங்க பதிகம் கெடைச்ச காலத்துல அங்க குத்தகைக்குப் பீட்சா அளந்துக்கிட்டு இருந்திருக்கான். நல்லவேளை, நம்ம மிராசுதாருங்களுக்கு அது தெரியாமப் போச்சி. நெல்லோட சேத்துப் பன்னெண்டு பீட்சாவையும் கேட்டிருப்பானுவ, சூடு ஆறிடுச்சின்னு கணக்குல வேற கழிச்சிருப்பானுவ.

சிதம்பரம்னு வாயில வந்துடுச்சி, நேரா அங்கியே போவம். கடலூருல கம்பெனிக்காரன் கடை இருக்குது. வேணாங்கல. ஆனா அந்தக் கம்பெனிக்காரனுவ 1996ல தில்லியிலயும் பெங்களூருலயும் கடையத் தொறந்ததுலேர்ந்து எல்லா ஊருலயும் ஒரே ருசி வரணும்னு பாடுபடறவனுவ. சென்னையில தின்ன அதே பீட்சாவ மஞ்சக்குப்பத்துல தின்ன எதுக்குடா டீசலு போட்டு வந்த? பாண்டிச்சேரிக்கு மேல ஆரோவில்லு பக்கம் வெள்ளக்காரனுவ வெறகு அடுப்புல சுடறானுவ, அது சுத்தமான வேலை. நான் போயிருக்கன். ஆனா அது கடலூரு கணக்குல வராது. பக்கத்து ஊட்டுச் சொத்தை நம்ம பட்டாவுல ஏத்தக் கூடாது.

சிதம்பரத்துல ஏன்னு கேளு. நாலு வீதியிலயும் சம்பா சாதம், கத்திரிக்காக் கொத்சுன்னு தின்னுப் பழகின நாக்கு. மொளகு, சீரகம், நெய்யி, அவ்வளவுதான் சம்பா சாதம். மூணு சாமானுல ருசி காட்டறவன் ஊருல முப்பது சாமானு போட்டு ஏமாத்த முடியாது. இன்னொரு காரணம் அண்ணாமலை நகரு. 1929லேர்ந்து பல்கலைக்கழகம் இருக்குது, எங்கெங்கேருந்தோ வந்த புள்ளைங்க விடுதியில கெடக்குதுங்க. விடுதிச் சோத்துக்குப் பயந்து தப்பிச்சி வர்ற புள்ளையவிடச் சரியான நாக்கு எவனுக்கும் இல்ல. ஆனா மாசத்து மொத வாரத்துல அதுங்களைப் பாத்து முடிவு பண்ணாத. ஊட்டுலேர்ந்து பணம் வந்திருக்கும், எதையும் திங்கும். இருவத்தஞ்சாம் தேதிக்கு மேல போ. நாலு பேரு சேந்து சில்லறைய எண்ணி, ஒரு பீட்சாவ எட்டாப் பிச்சித் திங்கறானுவ பாரு, அந்தக் கடையில குந்து. கடைசிக் காசைப் போட்டு வாங்கறவன் தப்பான கடையில போட மாட்டான்.

போனாக்கா அங்கியே தின்னு. பொட்டியில போட்டுக் குடுன்னு சொல்லாத. சுட்ட மாவு மூச்சு விடும்டா. அட்டைப் பொட்டியில அடைச்சா அந்த ஆவி வெளிய போவ வழி இல்லாம, திரும்ப மாவு மேலயே வேர்த்துக் கொட்டும். மொறுமொறுன்னு இருந்தது பத்து நிமிசத்துல ஈரத்துணி. இட்லிய எலையில கட்டினாத் தாங்கும், அது ஆவியில பொறந்தது. இது அனல்ல பொறந்தது, ஆவி ஆவாது. ஒனக்குக் கொண்டாந்து குடுக்க மாட்டன்னு அந்தப் போனு சொல்லிச்சே, அது ஒனக்குப் பண்ண உபகாரம். வட்டத்துக்குள்ள இருக்கறவன்தான் பாவம், வேர்த்துப்போன பீட்சாவையே தின்னுட்டு இதுதான் பீட்சான்னு நெனச்சிக்கிட்டு இருக்கான்.

சிதம்பரத்துல ஒரு சின்னக் கடை இருக்குது. நாலே மேசை. வழி சொல்றன், பேரு சொல்ல மாட்டன். சொன்னா நீ போன்ல போடுவ, அப்புறம் எனக்கு எடம் கெடைக்காது. பையன் முன்ன பரோட்டா அடிச்சவன். களிமண்ணும் செங்கல்லும் வச்சி அடுப்ப அவனே கட்டிக்கிட்டான். காலையில மாவு பெசைஞ்சி வச்சிட்டு சாயங்காலந்தான் கடையத் தொறக்கறான், மாவு தீந்தா சாத்திட்டுப் போயிடறான். அவன்கிட்ட மார்கரிட்டா ஒண்ணு சொல்லு. தட்டு வந்ததும் போட்டோ புடிக்காத, ஓரத்துல புடிச்சித் தூக்கி அடிப்பக்கத்தைப் பாரு. சிறுத்தைப்புலி தோலு மாதிரி கரும்புள்ளி புள்ளியா இருக்கும். ஓரம் உப்பி, உள்ள காத்தா இருக்கும். எனக்குப் பல் செட்டு கழறாமத் தின்ன பீட்சா இந்த ஜில்லாவுல அது ஒண்ணுதான். கடலூரு, சிதம்பரம் ரெண்டையும் சேத்து நான் சொல்ற தீர்ப்பு அதுதான்.

கெளம்பறதுன்னா இப்பயே கெளம்பு, ஏழு மணிக்கு மேல மாவு இருக்காது. காரு டிக்கியத் தொறந்து வையி. மாட்டுக்கொட்டாயி பின்னால காஞ்ச சவுக்கு ஆறு கட்டு கட்டி வச்சிருக்கன், ஏத்திக்கிட்டுப் போயி அந்தப் பையன்கிட்ட எறக்கிடு. போன மாசத்துப் பாக்கி அறுநூறு நிக்குது, அதையும் கேட்டு வாங்கியா.